பதினோராவது ஜோடி

15-9-2024, ஞாயிறு, காலை 5.35
நேற்றைய பதிவில் ஒரு தவறு. 'நடப்பவர்கள் 10, செருப்பு 10 ஜோடி' என்று எழுதியிருக்கிறேன். நடப்பவர்களை எண்ணினேன். செருப்பை எண்ணவில்லை. பத்துப் பேர் நடந்தால் பத்து ஜோடிதானே இருக்கும் என்று எழுதிவிட்டேன். அழிக்கவில்லை, கோடு போட்டிருக்கிறேன். இன்று எண்ண வேண்டும்.

இசைவாணி பேனாவை மூடிக் களப் புத்தகத்தைத் துணிப்பைக்குள் வைத்தாள். தவறை ரப்பரால் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதியோடு சரியானதை எழுத வேண்டும் என்பது அவள் படிக்கும் மாலை நேர நில அளவை வகுப்பின் முதல் விதி. மற்றவர்கள் அந்த விதியை வகுப்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இசைவாணி அதை மளிகைச் சீட்டு வரைக்கும் கொண்டுபோயிருந்தாள்.

"செருப்ப எண்ணலங்கிறது ஒரு குத்தமா மேடம்?" என்றார் ஜாஃபர் சாதிக், ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டபடி. "நான் சவுதி தமாம்ல பதினெட்டு வருஷம் டிரெய்லர் ஓட்டுனேன். பின்னாடி என்ன ஏத்துனாங்கன்னு ஒருநாள் எண்ணுனதில்ல."

"அதனாலதான் பாய் உங்களத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அதுவும் சரிதான்."

சாதிக்குக்கு ஐம்பத்திரண்டு வயது, இசைவாணிக்கு இருபத்தைந்து. கீழவாசலில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அவள் துப்பறியும் அலுவலகம் திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது; அதில் அவளுக்கு இருந்த ஒரே உதவியாளர் சாதிக். வந்த வழக்குகளில் பாதி, கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையை விசாரிப்பது. மீதிப் பாதி, கல்யாணத்துக்குப் பின் அதே மாப்பிள்ளையை விசாரிப்பது. ஒரு குளத்தை விசாரிப்பது இதுதான் முதல் தடவை.

அல்லிக்குளம் அவென்யூ, தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் போட்ட மனை. அறுபது வீடு. நட்ட மரமெல்லாம் மாடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. நீச்சல் குளம் உண்டு, டென்னிஸ் மைதானம் உண்டு, தொட்டால் கிறீச்சிடும் உடற்பயிற்சிக் கருவிகள் உண்டு, எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த நடைபாதை உண்டு. எல்லாவற்றுக்கும் பின்னால், சுற்றுச்சுவரை ஒட்டி அந்த அல்லிக்குளம். இடுப்பளவுக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர். அதில் அன்னப்பறவை வடிவில் ஒரு மிதிபடகு. சுவருக்கு வெளியே ஒரு வாய்க்கால், அதற்கும் அப்பால் சம்பா நாற்றங்கால். பால்கனியிலிருந்து பார்த்தால் பச்சை வயல் தெரியும் என்று அந்தக் காலத்து விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வயலிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று போடவில்லை.

நடந்தது இதுதான். மூன்று திங்கட்கிழமைகளாக, விடிந்து பார்த்தால் குளத்தில் தண்ணீர் இல்லை. அன்னம் ஒருபக்கமாகச் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் கொக்குகள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக நின்று வண்ண மீன்களைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். மடைப் பலகை அடைத்தபடியே இருக்கும். அப்படியென்றால் யாரோ இரவில் திறந்து, தண்ணீரை விட்டுவிட்டு, விடிவதற்குள் மூடியிருக்க வேண்டும். இரவில் விழித்திருக்கச் சம்பளம் வாங்குபவர் காவலாளி வைரக்கண்ணு ஒருவர்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவருடைய மச்சானின் நாற்றங்கால் இருக்கிறது. குடியிருப்போர் சங்கத் தலைவர் மருதையன் இரண்டையும் கூட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் அவர். கூட்டல் சரியாக வந்தது.

இன்று மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கூட்டம். ஒன்றாம் தீர்மானம்: வைரக்கண்ணுவை வேலையை விட்டு நீக்குவது. வேலை போனால் பம்பு அறையை ஒட்டிய அந்த ஒற்றை அறையும் போகும். அதில் அவர், மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள்.

செயலாளர் மெஹராஜ் பேகம் மட்டும் கையெழுத்துப் போட மறுத்து, வெள்ளிக்கிழமை இசைவாணியைக் கூப்பிட்டனுப்பினார். "நான் முப்பத்துநாலு வருஷம் டீச்சரா இருந்தவ," என்றார். "முழிக்கிற முழியப் பாத்து எந்தப் புள்ளையையும் அடிச்சதில்ல. ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்குள்ள யாருன்னு சொல்லு. அதுக்கு மேல என் ஒரு ஓட்ட வச்சு ஒண்ணும் தடுக்க முடியாது."

காலை ஆறு பத்துக்கு இசைவாணி கூழாங்கல் பாதைக்கு வந்தாள். பாதையில் எல்லோரும் வெறுங்காலோடு எட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகில் 'தினம் ஒரு எட்டு' என்று அச்சடித்த வெள்ளைப் பனியன். தெற்கிலிருந்து வடக்கே இருபது நிமிடம், வடக்கிலிருந்து தெற்கே இருபது நிமிடம். நடுவில் குறுக்கிடும் இடத்தில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, "சுகர் எவ்வளவு?" என்று விசாரித்துக்கொண்டார்கள்.

அவள் நடப்பவர்களை எண்ணினாள். பத்து. திரும்ப எண்ணினாள். பத்து. பாதை ஓரத்தில் கழற்றிவிட்டிருந்த செருப்புகளை எண்ணினாள். பதினொன்று.

தன்மேல் சந்தேகம் வந்து, ஒவ்வொரு ஜோடியையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அப்போதும் பதினொன்று.

"பாய், ஒரு ஜோடி கூட இருக்கு."

"சந்தோஷம் மேடம். வழக்கமா ஒரு ஜோடி கொறைஞ்சாத்தான் நம்மளக் கூப்பிடுவாங்க." சாதிக் குனிந்து பார்த்தார். "எல்லாமே எம்.சி.ஆர் செருப்பு. கறுப்பு. ஒரே டாக்டர், ஒரே கடை. சுகருக்குன்னு மெத்துன்னு செருப்பு வாங்குறது, அதக் கழட்டிப் போட்டுட்டு கல்லு மேல நடக்குறது. டாக்டர் இதப் பாத்தாரா?"

எல்லாம் ஒன்றுபோல் இருந்ததால் ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தார்கள். ஒன்றின் வாரில் சிவப்பு நூல், ஒன்றில் ரப்பர் பேண்ட், ஒன்றில் நகப்பூச்சுப் பொட்டு. பத்து ஜோடிக்கும் அடையாளம் இருந்தது. பதினோராவதில் எதுவும் இல்லை. அது வரிசையிலும் இல்லை. பத்தடி தள்ளி, விளக்குக் கம்பத்தின் கீழே, குதிகால்கள் ஒட்டியபடி அழகாக வைக்கப்பட்டிருந்தது.

"தன் செருப்ப எவனும் தொட மாட்டான்னு நம்புற ஆளு," என்றாள் இசைவாணி.

"வரிசையிலயும் நிக்க மாட்டாரு. பெரிய மனுசன்தான்."

அவள் அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மேலே பார்த்தாள். பாதையின் மேல் வேப்பமரங்கள் கவிந்திருந்தன. மாடிகளிலிருந்து பார்த்தால் நடக்கிற ஒருவரும் தெரியமாட்டார்கள். விளக்குக் கம்பத்தின் அடி மட்டும் திறந்து கிடந்தது. அங்கிருந்து நேராக ஒரு பால்கனி. பால்கனியில் தலைக்குத் துண்டு கட்டிய ஓர் அம்மாள், டம்ளரை ஆற்றியபடி எட்டிப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். திருப்தியாக உள்ளே போய்விட்டார்.

இசைவாணி எழுதினாள்: 'செருப்பு விட்டுப் போனதல்ல, காட்டி வைத்தது.' எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.

"நடக்கிறதாச் சொல்லிட்டு எங்கயோ போற ஆளு," என்றாள். "மெயின் கேட்டுல போனா ரிஜிஸ்டர்ல எழுதணும். நேத்து அதப் புரட்டிப் பாத்தேன், மூணு ஞாயித்துக்கிழம காலைலயும் யாருமே வெளிய போகல."

"அப்ப வேற வழி இருக்கு."

நீச்சல் குளத்தில் வைரக்கண்ணு நீளக் கம்பில் கட்டிய வலையால் இலை அள்ளிக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை அவருக்கு அங்கேதான் வேலை. தண்ணீரில் நாலு பேர் நீந்திக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு பேருமே மாலையில் அவரை நீக்கக் கை தூக்கப்போகிறவர்கள்.

"அண்ணே, இங்கேருந்து கேட்டு வழியாப் போகாம வெளிய போக முடியுமா?" என்று கேட்டாள்.

"மடைகிட்ட கம்பிக் கதவு ஒண்ணு இருக்குங்க. வாய்க்கா வெட்ட ஆள் வந்தா போறதுக்கு. ஆனா அந்தாண்ட வாய்க்கா அஞ்சடி அகலம். தாண்டவா முடியும்?" வலையை நிறுத்தினார். "நீங்க என்ன விசாரிச்சு என்னத்துக்குத் தங்கச்சி? நான் மொத நாளே தலைவர்கிட்ட சொல்லிட்டேன் யாருன்னு."

இசைவாணியின் பேனா தானாக வெளியே வந்தது. "யாரு?"

"நண்டு."

சாதிக் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். "பேரு மட்டும்தானா, இனிஷியல் இருக்கா?"

"சிரிக்காதீங்க பாய். ரெண்டு பலகைக்கு நடுவுல களிமண்ணக் கெட்டிச்சு வப்பேன். திங்கக்கிழம பாத்தா பலகை ரெண்டும் நின்ன எடத்துல நிக்குது, நடுவுல மண்ணக் காணும். நண்டு தோண்டாம வேற யாரு தோண்டுவா? மூணு வாரமா வளை வளையாக் கைய விட்டுப் பதினோரு நண்டு புடிச்சிட்டேன். தலைவரு நம்ப மாட்டேங்கிறாரு."

"பதினொண்ணா?" என்றார் சாதிக். "இன்னிக்கு எல்லாமே பதினொண்ணாவே வருது மேடம்."

இசைவாணி சிரிக்கவில்லை. "அண்ணே, வெளிப் பலகைய எடுக்கறது கஷ்டமா?"

"உள்பலகைய அசைக்கத்தான் ரெண்டாள் வேணும். தண்ணி அழுத்தும்ல. வெளிப்பலகை மண்ண அணைச்சுக்கிட்டுச் சும்மா நிக்கிறது. ஆனா அத எடுத்தா மண்ணு நிக்காதே. ஈர மண்ணு கொஞ்சங் கொஞ்சமா வாய்க்காலுக்குள்ள விழுந்துரும். அப்பறம் உள்பலகை இடுக்குல பூரா தண்ணி வழிஞ்சுரும். வெவரம் தெரிஞ்சவன் எவன் அதத் தொடுவான்?"

அவள் எழுதுவதை நிறுத்தினாள். பிறகு, சொல்லிக்கொள்ளாமல் வேகமாக நடந்தாள்.

மடை, குளத்தின் கரையிலேயே சுவரோடு சேர்ந்து இருந்தது. ஓரடி அகலத்தில் ஒரு சந்து. குளத்துப் பக்கம் ஆளுயரப் பலகை ஒன்று செங்குத்தாக நின்றது. அதற்கு ஒரு சாண் தள்ளி, வெளிப் பக்கம் இன்னொரு பலகை நிற்க வேண்டிய பள்ளம். பள்ளம் காலியாக இருந்தது. களிமண் சுவர் மட்டும் துணையில்லாமல், மஞ்சள் பூசிய மாதிரி பளபளவென்று நின்றது. அதன் அடியில் ஈரம் கசிந்தது.

கம்பிக் கதவின் தாழ்ப்பாள் திறந்திருந்தது. வெளியே, வாய்க்காலின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாலமாக அந்தப் பலகை கிடந்தது.

இசைவாணி மண்டியிட்டுப் பார்த்தாள். பலகையின் மேல் வெறுங்கால் தடம், அந்தப் பக்கம் போனது மட்டும். ஓர் ஓரத்தில் பழைய பிசுக்கு. அந்தப் பிசுக்கைச் சுற்றிச் செவ்வெறும்புகள் ஒழுங்காக வரிசை கட்டியிருந்தன.

"பலகைக்கும் சுகர் வந்துருச்சு போல," என்றார் சாதிக்.

"பாய், எல்லாரும் ராத்திரியவே பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க," என்றாள் அவள், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "பலகைய எடுத்தது ராத்திரி இல்ல, ஞாயித்துக்கிழம காலைல. ஒரு மணி நேரத்துல திரும்ப வச்சிட்டாங்க. ஆனா அதுக்குள்ள மண்ணு கொஞ்சம் விழுந்திருக்கும். திரும்ப வச்ச ஆளுக்கு மண்ணு அடைக்கணும்னு தெரியல. பலகை நிக்குது, நடுவுல பொத்தல். பகல் பூரா மண்ணு ஊறி ஊறிக் கரைஞ்சு, ராத்திரி மொத்தமா விட்டுருக்கு."

"அதாவது ஆளு பகல் ஷிப்ட். தண்ணி ராத்திரி ஷிப்ட்."

"வைரக்கண்ணு அண்ணன் எடுத்திருந்தா மண்ணு வச்சு அடைச்சிருப்பாரு. அவருக்கு வேற மாதிரி வைக்கவே வராது." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள். "நான் சொல்றது சரிதானா பாய்?"

களிமண் சுவரிலிருந்து ஒரு தேங்காயளவு மண் பெயர்ந்து, பொளக்கென்று வாய்க்காலில் விழுந்தது.

"சரின்னு சொல்லுது மேடம்."

இருவரும் கம்பிக் கதவுக்குப் பின்னால், பூவரச மரத்தடியில் நின்றுகொண்டார்கள். ஆறு ஐம்பதுக்கு நாற்றங்கால் வரப்பில் ஒருவர் வந்தார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். வரப்பில் நடந்து பழக்கமில்லாதவர் என்பது கைகளை விரித்த விதத்தில் தெரிந்தது. பலகையில் மட்டும் பழகிய நடை. முன்பக்கம் வெள்ளைப் பனியன். பின்பக்கம் என்ன எழுதியிருக்கும் என்று இசைவாணிக்குத் தெரியும். கையில் வாழையிலைப் பொட்டலம்.

பாதிப் பலகையில் அவர் தலையைத் தூக்கினார். சங்கத் தலைவர் மருதையன்.

"வணக்கம் சார்," என்றார் சாதிக். "எட்டு இன்னிக்குக் கொஞ்சம் நீளமாப் போயிருச்சு போல."

மருதையன் பலகையிலேயே நின்றார். முன்னே போவதா பின்னே போவதா என்று கணக்குப் போட்டார். "நான்... விசாரணைக்காகத்தான். வயக்காட்டுப் பக்கத்துலேருந்து யாராவது வர்றாங்களான்னு பாக்கலாம்னு."

"கையில என்ன சார்?" என்றாள் இசைவாணி.

"தடயம்."

"தடயத்துல நெய் வடியுது சார்."

நெய் அவர் முழங்கையிலிருந்து சொட்டிப் பலகையில் விழுந்தது. எறும்புகள் திசை திரும்பின. மருதையன் கரையேறி, உட்கார வரப்பு மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று பார்த்து, கிடைக்காமல் கம்பிக் கதவின் படியில் உட்கார்ந்தார்.

"அசோகா அல்வா," என்றார். "அம்பது கிராம்தான். ரோட்டு மேல ஜெக்கரியா கடை. வாரத்துல ஒரு நாள். மத்த ஆறு நாளும் கேப்பக் களி, பாவக்காச் சாறு. என் வீட்டம்மா பால்கனியில நின்னு செருப்ப எண்ணுறா. மெயின் கேட்டுல போனா எழுதிட்டுப் போகணும். அந்த விதியக் கொண்டு வந்தது நான்தான்."

"எப்பலேருந்து சார்?"

"ஆகஸ்டு இருபத்தஞ்சு."

"மொத தடவ குளம் வத்துனது இருபத்தாறு காலைல," என்றாள் இசைவாணி, புத்தகத்தைப் பார்க்காமலே.

அவருக்கு அது உறைக்கவில்லை. "ஆமா. அந்த வைரக்கண்ணு அன்னிக்குத்தான் ஆரம்பிச்சான்."

"சார், இந்தப் பலகைய எங்கேருந்து எடுத்தீங்க?"

"அந்தா, அங்க நின்னுச்சு. ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு எக்ஸ்ட்ராதானே? எடுத்தப்ப ஒரு சொட்டுத் தண்ணி வரல. ஒவ்வொரு தடவையும் எடுத்த எடத்துல ஒழுங்கா வச்சிட்டேன். நான் பேங்க்ல இருந்தவம்மா, எடுத்தத வைக்காம போக மாட்டேன்."

இசைவாணி அவரை மடையருகே அழைத்துப் போய்க் காட்டினாள். அதற்குள் களிமண் சுவரில் ஒரு தலை போகும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. உள்பலகையின் இடுக்குகளில் நூல் நூலாகத் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. அவள் விளக்கவில்லை. அவர் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். அன்னத்தைப் பார்த்தார். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"நானா?" என்றார்.

"மூணு தடவ," என்றார் சாதிக். "கொக்குங்க உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

மருதையன் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். முகத்தில் மேலாளர் களை திரும்பியது. "ஒண்ணும் பிரச்சின இல்லம்மா. தீர்மானத்த வாபஸ் வாங்கிடறேன். வைரக்கண்ணுவ இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்டதாப் போட்டுடலாம். எல்லாருக்கும் நல்லது."

எதையும் மூன்று தடவை சந்தேகப்படுகிற இசைவாணி இதை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. "மன்னிக்கிறதுக்கு அவர் ஒண்ணும் பண்ணல சார்."

"அப்ப என்னத்தப் போடச் சொல்ற?"

"நடந்தத." களப் புத்தகத்தைத் திறந்து, நேற்றைய வரியைக் காட்டினாள். கோடு போட்ட வரி. "தப்பா எழுதினது தெரியட்டும் சார். சரியானது பக்கத்துல இருந்தாப் போதும்."

"என் வீட்டம்மா ரெண்டாவது வரிசையில உக்காந்திருப்பா."

"அவர் வீட்டம்மா பம்பு ரூம்ல பாத்திரத்தக் கட்டி வச்சிட்டு உக்காந்திருக்காங்க சார். பொண்ணோட புத்தகமெல்லாம் அரிசிச் சாக்குல இருக்கு. காலைல பாத்தேன்."

மருதையன் பொட்டலத்தைச் சாதிக்கிடம் நீட்டினார். "இத நீங்க வச்சுக்குங்க."

"எனக்கும் சுகர் இருக்கு சார்," என்ற சாதிக், வாங்கிக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். வைரக்கண்ணு வாசலுக்கு வெளியே, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றார். காலையிலேயே இசைவாணி சொன்னபடி மணல் மூட்டை வைத்து மடையைத் தற்காலிகமாக அடைத்துவிட்டார். குளம் நாலு விரற்கடைதான் இறங்கியிருந்தது. ஏன் அடைக்கச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. நண்டுக்காக என்று நினைத்துக்கொண்டார்.

மருதையன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "ஒன்றாம் தீர்மானத்துக்கு முன்னால ஒரு தகவல். குளத்து மடையின் வெளிப் பலகை, ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கப்பட்டு, திரும்ப வைக்கப்பட்டுள்ளது. அதனால மண் சரிந்து தண்ணீர் வெளியேறியுள்ளது. காவலாளிக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று அறியப்படுகிறது."

"எடுக்கப்பட்டதுன்னா?" மெஹராஜ் பேகம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முப்பத்து நான்கு வருடம் அதே பார்வை. "யாரால?"

மருதையன் இரண்டாம் வரிசையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வாசலில் வைரக்கண்ணு தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னால," என்றார் மருதையன்.

அதற்குப் பிறகு அவர் எதையும் விடவில்லை. செருப்பு, கம்பிக் கதவு, பலகை, அசோகா, அம்பது கிராம். வைரக்கண்ணுவின் மேல் தான் சொன்னது தவறு என்பதை இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை வாசலைப் பார்த்துச் சொன்னார். இசைவாணி கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர் சொன்ன தேதிகளைத் தன் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

வாசலிலிருந்து வைரக்கண்ணு கேட்டார். "அப்ப நண்டு இல்லீங்களா?"

யாரும் பதில் சொல்வதற்குள் இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. தலைவரின் மனைவி அம்சவல்லி எழுந்தார். காலையில் பால்கனியில் டம்ளர் ஆற்றியவர்.

"ஜெக்கரியா கடையிலயா?" என்றார்.

"ஆமா," என்றார் மருதையன், தரையைப் பார்த்து.

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா."

"புத்தி இருக்கா உங்களுக்கு? ஞாயித்துக்கிழம முந்தின நாளு அல்வாவத்தான சூடு பண்ணித் தள்ளுறான்? புதன்கிழமதான் புதுசாக் கிண்டுவான். நெய்யும் அன்னிக்குத்தான் நல்ல நெய்யி—"

அம்சவல்லி வாயைப் பொத்திக்கொண்டார். நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். மின்விசிறி மூன்று சுற்று சுற்றியது.

"புதன்கிழம," என்றார் மருதையன் மெதுவாக. "புதன்கிழம நீ கோயிலுக்கில்ல போவ?"

மெஹராஜ் பேகம் பேனாவை மூடினார். "இது தீர்மானத்துல வர வேண்டாம்," என்றார். "ஒண்ணாம் தீர்மானம் தள்ளுபடி. வைரக்கண்ணு, நீ ஏன்பா இன்னும் நிக்கிற? உள்ள வந்து உக்காரு. மடைய அடைக்கணும். எப்படி அடைக்கணும்னு இங்க இருக்கறதுல உனக்கு மட்டும்தான் தெரியும், சொல்லு."

வைரக்கண்ணு உள்ளே வந்தார், உட்காரவில்லை. "மண்ண நல்லா மிதிச்சுக் கொழைக்கணுங்க. ரெண்டு மணி நேரம் மிதிக்கணும். கல்லு இருக்கக் கூடாது. எனக்கு ஒரு ஆள் தொணைக்கு வேணும்."

"வெறுங்கால்லதானே?" என்றார் சாதிக். "தலைவருக்கு நல்லாப் பழக்கம்."

இந்தத் தீர்மானத்துக்கு நாற்பது கையும் எழுந்தன. மருதையனின் கைதான் முதலில் எழுந்தது.

திரும்பும்போது பம்பு அறையின் வாசலில் வைரக்கண்ணுவின் மகள் அரிசிச் சாக்கை அவிழ்த்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் கட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இசைவாணி அவற்றை எண்ண ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள்.

15-9-2024, ஞாயிறு, மாலை 7.15
காலையில் 'செருப்பு காட்டி வைத்தது' என்பதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தேன். கேள்விக்குறியின் மேல் கோடு போட்டாயிற்று. பால்கனி அம்மாளைப் பற்றி நான் நினைத்திருந்தது தவறு. அதை எங்கும் எழுதவில்லை என்பதால் கோடு போட இடமில்லை.

நாளை, திங்கள்: காலை 6 மணிக்கு அல்லிக்குளம் மடை. களிமண் நான்கு கூடை வைரக்கண்ணு கொண்டு வருவார். தலைவர் மிதிப்பார். அடைத்து முடித்ததும் குளத்தின் ஆழத்தை அளக்க வேண்டும். அளந்த பிறகு எழுத வேண்டும்.